கணினியில் இரத்தம் கேட்பது

இங்கிலாந்தின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில், நோயாளிக்கு இரத்தம் வேண்டுமென்று கேட்கும் வைத்தியர் இப்பொழுதெல்லாம் பேனாவைத் தொடுவதில்லை. திரையில் நோயாளியின் பெயரைத் திறந்து, எத்தனை பை, எந்த நேரத்திற்கு, என்ன காரணத்திற்கு என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போனால், ஏறக்குறைய அடிப்பகுதியில், கண் அசந்துபோகும் இடத்தில், ‘விசேஷத் தேவை ஏதேனும் உண்டா?’ என்று ஒரு கேள்வி வரும். அதன் கீழே கதிர் பாய்ச்சிய இரத்தம், சி.எம்.வி. கிருமியின் சுவடு இல்லாத இரத்தம், கழுவிய சிவப்பணு என்று சின்னஞ்சிறு சதுரங்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதில் ஒரு ‘டிக்’ போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடலாம்.

இந்தச் சதுரங்களைப் பற்றித்தான் இன்று எழுத உத்தேசம். இரத்தநோய்ப் பிரிவில் வெகுகாலமாகக் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில், இவற்றோடு எனக்கு ஒரு தீராத வழக்கு இருக்கிறது: ஒரு நோயாளியின் பூர்வ சரித்திரத்தை முழுவதும் அறிந்தவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியை, அவரைப் பற்றி மிகக் குறைவாக அறிந்த ஒருவரிடம், அவருக்கு நேரமே இல்லாத ஒரு க்ஷணத்தில் கேட்டுவிட்டு, கேட்டதோடு தன் கடமை தீர்ந்ததென்று அந்தத் திரை நிம்மதியாக இருந்துவிடுகிறது.

கதிர் பாய்ச்சுவது என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தானமாகக் கொடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்களோடு அவருடைய லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களும் கொஞ்சம் கூடவே வந்துவிடுகின்றன. சாதாரணமாக, ஏற்றுக்கொள்பவரின் உடல் இவற்றை அந்நியமென்று கண்டு ஒழித்துக்கட்டிவிடும். ஆனால் நோயினாலோ மருந்தினாலோ ஒருவருடைய எதிர்ப்புச் சக்தி அடியோடு ஒடுங்கியிருக்குமானால், வந்த அணுக்கள் ஒழிவதற்குப் பதிலாக வேரூன்றிப் பெருகி, தாம் வந்து சேர்ந்த உடம்பையே அந்நியமாகப் பாவித்து, தோலையும் ஈரலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கத் தொடங்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். இரத்தம் ஏற்றிய ஓரிரு வாரங்களில் காய்ச்சல் வரும், உடம்பெங்கும் சிவந்து தடிக்கும், வயிறு போகும், பிறகு மஜ்ஜை வற்றி எல்லா அணுக்களும் குறைந்துகொண்டே போகும். இந்த வியாதி கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

வந்தபின் பரிகாரம் இல்லாத இந்த வியாதியை வராமல் தடுப்பதோ வெகு சுலபம். பையின் மேல் 25 கிரே அளவுக்குக் குறையாமல் காமாக் கதிரையோ எக்ஸ் கதிரையோ பாய்ச்சினால், அந்த லிம்போசைட்டுகள் பெருகும் சக்தியை இழந்துவிடுகின்றன. பையின் மேல் இதற்கென்று ஒரு சிறு சீட்டு ஒட்டுவார்கள். கதிர் படுவதற்கு முன் அதில் ‘நாட் இர்ரேடியேட்டட்’ என்று இரண்டு சொற்கள் தெரியும். போதிய அளவு கதிர் பட்டதும் முதற் சொல் இருந்த இடம் கறுத்து மூடிக்கொள்ள, இரண்டாவது சொல் மட்டும் மிஞ்சும். எத்தனையோ கோடி செலவில் வாங்கிய மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சீட்டின் புத்திசாலித்தனம் அவற்றில் பலவற்றுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் எல்லாப் பைகளுக்கும் கதிர் பாய்ச்சிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள். அந்நாட்டு ஜனங்களின் திசு அடையாளங்கள் ஒருவருக்கொருவர் நெருங்கியிருப்பதால், எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களுக்குக்கூட அங்கே இந்த ஆபத்து நேர்ந்திருக்கிறது. ஆனால் கதிர் பட்ட சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் விரைவாகக் கசிகிறது, ஆயுளும் குறைகிறது. பிரிட்டனில் 35 நாள் வைத்திருக்கக்கூடிய சிவப்பணுப் பையை, கதிர் பாய்ச்சியபின் 14 நாளைக்கு மேல் வைத்திருக்கலாகாது. கருவிலிருக்கும் சிசுவுக்கு ஏற்றுவதானால் 24 மணி நேரத்திற்குள் ஏற்றிவிட வேண்டும். ஆகவே யாருக்கு அவசியமோ அவர்களுக்கு மட்டும் என்று பிரிட்டன் தீர்மானித்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா வந்தவர்களுக்கு அது ஆயுள் முழுவதும் வேண்டும். ஃப்ளூடராபின், கிளாட்ரிபின், பெண்டாமுஸ்டின் போன்ற மருந்துகளைப் பெற்றவர்கள், ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், பிறவியிலேயே சில வகை எதிர்ப்புக் குறை உடைய குழந்தைகள் ஆகியோருக்கும் வேண்டும். இவர்களோடு இன்னொரு வகையும் உண்டு: நெருங்கிய இரத்த சம்பந்தமுள்ள உறவினரிடமிருந்து இரத்தம் பெறுகிறவர். அண்ணன் தம்பியின் லிம்போசைட்டுகளை உடல் தன்னுடையவை என்றே எண்ணி ஏமாந்துபோகக்கூடும். ஏற்றுக்கொள்பவர் முழு ஆரோக்கியமுள்ளவராயினும் இந்த ஆபத்து உண்டு. இந்த விஷயத்திற்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

இனி நள்ளிரவு டெலிபோன் ஒன்று. யாருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அழைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்த இளம் பெண் டாக்டர்.

“சார், தூங்கிட்டீங்களா? மன்னிக்கணும்.”

“பரவாயில்லை, சொல்லுங்கம்மா.”

“நிமோனியான்னு ஒரு பெரியவர் வந்திருக்கார், ஹீமோகுளோபின் 62 தான் இருக்கு. ரெண்டு யூனிட் ஆர்டர் போட்டேன். லேப்ல, ஸ்பெஷலா எதுவும் வேண்டாம்னு நிச்சயமாத் தெரியுமான்னு கேக்கறாங்க. ரெக்கார்டுல ஒண்ணுமே இல்ல சார்.”

“பழைய வியாதி எதுவும் சொன்னாரா?”

“அவர் பேசற நிலைமையில இல்ல. ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு எட்டு வருஷம் முன்னாடி வேற ஊர்ல பார்த்தாங்களாம், மகள் சொல்றாங்க. மருந்து பேரு தெரியலையாம்.”

“மகள்கிட்ட அப்பாவோட பர்ஸைப் பார்க்கச் சொல்லுங்க.”

பஸ் பாஸுக்குப் பின்னால் ஓரம் மடங்கிப்போன ஒரு சிறு அட்டை இருந்தது: ‘எனக்குக் கதிர் பாய்ச்சிய இரத்தமே ஏற்ற வேண்டும்’ என்ற கருத்தில் நாலு வரி, கீழே ஃப்ளூடராபின் என்று யாரோ கையால் எழுதிய எழுத்து. எங்கள் கணினிக்கு அந்த மனிதரின் காலணி அளவைத் தவிர எல்லாம் தெரியும் என்று விற்பனைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தெரிய வேண்டிய ஒன்றைச் சொன்னது அந்த அட்டைதான்.

அந்த டாக்டரிடம் குறையொன்றும் இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு நோயாளி, வேறொரு ஊரில், வேறொரு மென்பொருளை வைத்திருக்கும் மருத்துவமனையில், என்ன மருந்து பெற்றார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிரிட்டனில் இரத்தம் ஏற்றுவதால் நேரும் விபரீதங்களைத் திரட்டி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் ‘ஷாட்’ என்ற அமைப்பு 1996-இல் தொடங்கிற்று. அதன் அறிக்கைகளைப் புரட்டினால், பொருந்தாத இரத்தம் ஏற்றிய சம்பவங்களில் ‘விசேஷத் தேவை நிறைவேற்றப்படவில்லை’ என்ற தலைப்பே வருஷந்தோறும் பெரும்பாகத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். காரணங்களும் மாறுவதில்லை: பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை, சிறிய ஆஸ்பத்திரியில் இரத்தம், இரண்டுக்கும் நடுவே போகாத ஒரு கடிதம். 1999 முதல் பிரிட்டனில் எல்லா இரத்தத்திலிருந்தும் வெள்ளணுக்களை வடிகட்டி நீக்குவதால், வந்த அணுக்கள் உடம்பைத் தாக்கும் அந்த வியாதி மிக அபூர்வமாகிவிட்டது. சதுரத்தை விட்டுவிட்டவர்களில் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றும் நேர்வதில்லை. ஒன்றும் நேராததனாலேயே அசட்டையும் வளர்கிறது.

ஆகவே, ‘டிக்’ போடும் சதுரத்தை இன்னும் பெரிதாக்கிச் சிவப்பு வர்ணம் பூசுவதால் பிரயோஜனமில்லை என்பதே என் கட்சி. கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் இரத்தம் கேட்கும் திரையே அல்ல. ஃப்ளூடராபினை எழுதும் திரை. அந்த மருந்தை ஒரு வைத்தியர் கணினியில் எழுதி, மருந்தாளர் அதைச் சரிபார்த்து வெளியே அனுப்பும் அந்த நிமிஷத்தில், யாரும் கேட்காமலே நோயாளியின் பதிவில் ‘கதிர் பாய்ச்சிய இரத்தம் மட்டும்’ என்ற கொடி ஏறிவிட வேண்டும். அக்கொடி வார்டின் கணினியில் மட்டும் பறந்தால் போதாது. வெளியார் பலருக்குத் தெரியாத சமாசாரம் ஒன்று: வார்டில் இருக்கும் நோயாளிப் பதிவு வேறு, இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி வேறு. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தும் பல இடங்களில் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூடத்தின் கணினியில் கொடி ஏறியிருந்தால், கதிர் பாய்ச்சாத பையை அந்த நோயாளிக்கென்று எடுத்து வைக்க முயலும்போதே யந்திரம் மறுத்துவிடும். அங்கே ஏறாவிட்டால், வார்டில் ஆயிரம் கொடி பறந்தும் பயனில்லை. இந்த இணைப்பைச் செய்துவிட்ட இடங்களில் நள்ளிரவு டாக்டரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் இரண்டு பை கேட்கிறார், சரியான இரண்டு பை வருகிறது.

இவ்வளவு சொல்லியும், திரையில் எழும் எச்சரிக்கைகளையே நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். கனடாவின் பால் ஹெபர்ட்டும் அவருடைய சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர சிகிச்சையிலிருந்த 838 பேரைப் பார்த்து, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே (நள்ளிரவு டாக்டர் சொன்ன 62 லிட்டருக்கான கணக்கு) இறங்கும்வரை காத்திருப்பதால் கெடுதல் இல்லை என்று காட்டினார்கள். காட்டியும், பத்து வருஷத்திற்குப் பிறகுகூட வைத்தியர்கள் பழைய வழக்கப்படியே தாராளமாக இரத்தம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் 2010-இல் ஒரு சிறு ஏற்பாடு செய்தார்கள்: போதிய ஹீமோகுளோபின் உள்ள நோயாளிக்கு இரத்தம் கேட்டால், கடைசிப் பரிசோதனையின் எண்ணையும் ஆய்வுகள் சொல்வதையும் திரை காட்டி, ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்று காரணம் கேட்கும். தடுக்காது; கேட்கும், அவ்வளவுதான். அதற்கு முன் ஏற்றப்பட்ட சிவப்பணுவில் பாதிக்கு மேல், ஹீமோகுளோபின் 8 கிராமுக்கு அதிகமாக இருந்தவர்களுக்கே போயிற்று. சில வருஷங்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. ஆஸ்பத்திரியில் செலவான சிவப்பணுவும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. இந்தக் கேள்வி பலித்ததற்கு என் வியாக்கியானம் எளிது: அதற்கான பதில் வைத்தியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பதில் தெரிந்தவனைக் கேட்டால் யோசிக்கிறான். தெரியாதவனைக் கேட்டால் ‘இல்லை’ என்று அழுத்திவிட்டுப் போகிறான்.

இரத்தப் பைகளைக் காட்டிலும் சிக்கலானது பிளாஸ்மா மாற்று சிகிச்சை. நோயாளியின் இரத்தத்தை யந்திரத்தின் வழியே சுழலவிட்டு, அணுக்களைத் திருப்பிக் கொடுத்து, பிளாஸ்மாவை மட்டும் எடுத்துக் கொட்டிவிட்டு, அதற்கு ஈடாக ஆல்புமினையோ வேறொருவரின் பிளாஸ்மாவையோ செலுத்துவது. டி.டி.பி. என்று நாங்கள் சொல்லும் ஒரு வியாதி உண்டு. நுண்ணிய இரத்தக் குழாய்களிலெல்லாம் உறைகட்டிகள் அடைத்து, தட்டணுக்கள் சரிந்து, மூளையும் இருதயமும் பாதிக்கப்படும். சிகிச்சையில்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுவார்கள். வெறுமனே பிளாஸ்மா ஏற்றுவதைவிட மாற்றிக் கொடுப்பதே மேல் என்பதைக் கனடாவில் 102 பேரிடம் நடத்திய ஆய்வு 1991-இல் நிலைநாட்டிற்று. இன்று பிரிட்டனில், சந்தேகம் எழுந்த 4 முதல் 8 மணி நேரத்திற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்பது விதி.

இப்பொழுது இதற்கான ஆணையைக் கணினியில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளாஸ்மா மாற்று, ஒன்று’ என்று எழுதி அனுப்பிவிட முடியுமா? அடாம்ட்ஸ் 13 என்ற நொதியின் அளவைக் கண்டறிவதற்கான இரத்த மாதிரியை, முதல் மாற்றுக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் அதில் இருப்பது தானம் செய்தவரின் நொதியும் சேர்ந்த கலவை. தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவே என்று பரிதாபப்பட்டுத் தட்டணு ஏற்றிவிடக் கூடாது. சராசரி உடலில் ஒரு முறை மாற்றுவதற்கு ஏறக்குறைய 3 லிட்டர் பிளாஸ்மா செல்லும். 200 மில்லிப் பைகளாகக் கணக்கிட்டால் 15 பை, அத்தனையும் உறைந்த நிலையிலிருந்து உருக்கப்பட வேண்டியவை. ஆகவே ஆணை போடும்போதே பரிசோதனைக் கூடத்திற்குச் செய்தி போயாக வேண்டும். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்த கையோடு பிளாஸ்மாவை மாற்றினால், விலையுயர்ந்த அந்த மருந்து கழிவுப் பையில் போய்ச் சேரும்; குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். வேறு வியாதிகளுக்கு ஆல்புமினைக் கொண்டு மாற்றும்போது, நோயாளி இரத்த அழுத்தத்திற்காக ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரானால், முகம் சிவந்து அழுத்தம் திடீரென்று சரியக்கூடும். முதல் நாளே அதை நிறுத்தியிருக்க வேண்டும். உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டினால் கால்சியம் குறைந்து உதடு மரமரக்கும். அதற்கும் மருந்து தயாராக இருக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் வேறொரு இலாகாவின் பொறுப்பு. ஒரு மனிதரின் ஞாபகத்தில் இவ்வளவும் வெள்ளிக்கிழமை மாலையில் வரிசை தப்பாமல் நிற்குமென்று எதிர்பார்ப்பது தர்மமல்ல. கணினி இங்கேதான் தன் சோற்றுக்கு உழைக்க வேண்டும். நல்ல ஆணைத் தொகுப்பு ஒன்றைத் திறந்தால், நொதிப் பரிசோதனைக்கான சீட்டு முதலில் அச்சாகும். ராமிப்ரில் பட்டியலில் இருந்தால் அதை எடுத்துக் காட்டும். ரிட்டுக்ஸிமாப்பின் நேரத்தைத் தானே தள்ளிவைக்கும். நோயாளியின் எடையிலிருந்து பைகளின் கணக்கைப் போட்டுக் கூடத்திற்கு அனுப்பும். இவற்றில் எதுவும் அபாரமான புத்தி தேவைப்படும் காரியமல்ல. ஆனால் ஒன்றைமட்டும் திரையிடம் விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்: இந்த நோயாளிக்கு இந்த சிகிச்சை வேண்டுமா என்ற தீர்மானம். அதை இரண்டு வைத்தியர்கள் டெலிபோனில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கணினி ஆணை அந்தப் பேச்சுக்குப் பிறகே வர வேண்டும்.

அரிவாளணு நோயாளிகளின் கதையும், பழைய பதிவு கைக்கெட்டாத அந்தப் பெரியவரின் கதையும் ஒரே ரகம். அடிக்கடி இரத்தம் பெறும் அவர்களுக்கு ஏ, பி, ஓ, ரீசஸ் டி பொருந்தினால் மட்டும் போதாது. சி, ஈ வகைகளும் கெல் வகையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் விபரீதமானது, பொருந்தாத சிவப்பணுவுக்கு எதிராக உடலில் ஒருமுறை தோன்றிய எதிர்ப்பொருள் சில மாதங்களில் பரிசோதனைக்கே தட்டுப்படாத அளவுக்கு மறைந்துவிடுவது. இன்று சோதித்தால் ஒன்றுமில்லை என்று வரும். பொருந்தாத பையை ஏற்றினால், உடல் பழைய பகையை நினைவுகூர்ந்து ஒரு வாரத்தில் அத்தனை அணுக்களையும் உடைத்துத் தள்ளும். பழைய பரிசோதனை முடிவு ஒன்றுதான் காப்பாற்றும். அதை எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் பார்க்கும்படி, இங்கிலாந்தின் தேசிய இரத்த சேவை தன் ஆய்வுக்கூட முடிவுகளை ஒரு பொதுத் தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. இணைக்கப்படாத கணினிகள் நிறைந்த ஒரு நாட்டில் இது பெரிய புண்ணியம்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்களோ உங்கள் வீட்டாரோ ஃப்ளூடராபின், கிளாட்ரிபின், பெண்டாமுஸ்டின் ஆகிய மருந்துகளில் ஒன்றைப் பெற்றிருந்தாலும், ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு வைத்தியம் பார்த்திருந்தாலும், மஜ்ஜை மாற்று செய்திருந்தாலும், சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்டு, மருந்தின் பெயர், கொடுத்த வருஷம், எந்த மாதிரியான இரத்தம் ஏற்ற வேண்டும் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் ‘ஆபா’ என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண்ணில் உங்கள் பதிவுகளெல்லாம் ஒருநாள் ஒன்றுசேரலாம், அதுவரை சீட்டு இருக்கட்டும். இன்னொன்று: ஆஸ்பத்திரியில் இரத்த வங்கிக்கு இரத்தம் கொடுக்கச் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள்; ஆனால் ‘சொந்த இரத்தம்தான் நல்லது, என் தம்பியின் இரத்தத்தையே எனக்கு ஏற்றுங்கள்’ என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.